சலவைக்கல்

“புது வீட்டுக்குச் சாணித் தரையா? சலவைக்கல்லு வலியதுறைத் துறைமுகத்திலே வந்து இறங்கி எட்டு நாளாச்சே!” என்று கணவரிடம் சீறினாள் உலகம்மை.

பகவதிப்பெருமாள் இருமலை விழுங்கினார். “சாணி போதும்.”

“கல்லு பூரா கரமனையிலே ஒரு வீட்டுக்குப் போச்சுன்னு கொத்தனாரு சொல்லிட்டாரு. அங்கே எவ காலு படணும்னு அனுப்புனீய?”

“உன் காலுதான், ஏட்டி. மெள்ளப் பேசு. நம்ம மருமக்கள்வழி வழக்கப்படி நான் கண்ணை மூடினா இந்த வீடு என் அக்கா மவனுக்கு. உனக்கும் பிள்ளைகளுக்கும் தெருதான். அதான் கரமனை வீட்டை உன் பேருக்கு எழுதிட்டேன்.”



வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா மகன் தாணுலிங்கம் எட்டிப் பார்த்தான். “மாமா, தரைக்கு என்ன போடுதீய?”

உலகம்மை முந்திக்கொண்டாள். “சாணிதான் மக்கா! அந்தக் குளிர்ச்சி எந்தக் கல்லுக்கு வரும்?”