மணி அடிக்காத பேச்சு

அருளப்பன் பாலைவனத்துல சோலார் தகடு தொடைக்கிற வேலைக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு. கதை எழுதுறதுக்காகக் காதுல ஒரு மிஷின் மாட்டியிருந்தான். யாராச்சும் பேசுறதுல கதைக்கரு இருந்தா அது டிங்குன்னு அடிக்கும். பேசுறவங்களுக்கும் கேக்கும்.

ஒருநாள் அவன் பொண்டாட்டி ஜெசிந்தா, தன் தங்கச்சி கல்யாணம் நின்னுபோனதைப் போன்ல சொல்லி அழுதா. டிங். அது கதையா பத்திரிகையில வந்துச்சு. தங்கச்சி அப்புறம் வீட்டுப்பக்கமே வரலை.

அதுலேர்ந்து ஜெசிந்தா மணி அடிக்காம பேசப் பழகிக்கிட்டா. "மழை இல்ல. மீன் வெலை ஏறிடுச்சு. வச்சிடட்டுமா?"

அவ பேச்சுக்கு ஏங்கி ஏங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அவன் மிஷினைக் கழட்டி, வாங்குன கடையிலயே திருப்பிக் கொடுத்துட்டு வந்து போன் போட்டான்.

"கழட்டிட்டேன். இனி நீ எது வேணாலும் பேசலாம்."

"நெசமாவா? அது இல்லாம எழுத்தாளருக்கு ஒரு வரி ஓடாதே!"

"ஓடாட்டி போகட்டும். நீ பேசு ஜெசி."

ஜெசிந்தா மெதுவாச் சொன்னா: "வாரா வாரம் உங்க நீலச் சட்டையைத் தொவைச்சுக் கொடியில காயப் போடுறேங்க."

பழக்கதோசம், அருளப்பன் காது மணிக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

"ஏங்க," ஜெசிந்தாவே கேட்டா, "எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"