ஐந்தா, பன்னிரண்டா?

"இந்தச் சிவப்பு ஒயர் எதுலங்க போகும்? அஞ்சுலயா, பன்னெண்டுலயா?"

மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவள் மறுபடியும் கேட்டாள். புருஷன் பதில் சொல்லவில்லை. தலையைப் படிய வாரி, மடிப்புக் கலையாத சட்டையோடு, ஜன்னலோர நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்சல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது பவர் சப்ளைப் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வந்தவர் அவர். "கொஞ்சம் இந்த டார்ச்சைப் பிடிங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்று அவள் கேட்டுவிட்டதால் மாட்டிக்கொண்டார்.

காசு போட்டு விளையாடுகிற அந்தக் காலத்து கேம் மெஷின்கள் சுவரோரமாக நின்றன. அதில் ஒன்றின் முதுகுப் பலகையைத்தான் கழற்றி வைத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் கண்ணாடி போட்ட ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மெஷினுக்குச் சொந்தக்காரர் போலிருக்கிறது என்று பார்சல்காரர் நினைத்துக்கொண்டார்.

"தப்பா மாட்டினா என்ன ஆகும் தங்கச்சி?"

"போர்டுக்கு அஞ்சு வோல்ட்டுதான் அண்ணே. பன்னெண்டு, ஸ்பீக்கருக்கும் விளக்குக்கும். இந்தச் சிவப்பு எதுக்குப் போறதுன்னுதான் தெரியலை. போர்டுக்குப் பன்னெண்டைக் குடுத்தா மொத்தமும் கருகிடும். இதெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்லை. போனாப் போனதுதான்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"அவருக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். என்னைக் கட்டிக்கறதுக்கு முந்தியே இந்த மெஷினைக் கட்டிக்கிட்ட மனுஷன்."

"அப்புறம் என்ன, கோவமா?"

"கோவமா இருந்தா எவ்வளவோ தேவலையே."

கோபத்தையும் தாண்டிய வீம்பு போலிருக்கிறது. பார்சல்காரர் நாற்காலியை ஒரு முறை முறைத்துவிட்டு டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தார். அவளோ பழைய பவர் சப்ளையின் ஸ்க்ரூக்களைப் பார்க்காமலே, விரலால் தடவித் தடவிக் கழற்றிப் போட்டாள். புதுசை அந்த இடத்தில் வைத்து முடுக்கவும் அவளுக்கு நேரமாகவில்லை. இவ்வளவு கை பழகியவளுக்கு ஒரு ஒயர் விஷயம் தெரியவில்லையே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

"என்னங்க, இங்க பாருங்க." அவள் குரல் இறங்கியது. "ஒரே ஒரு வார்த்தை. மாசக்கணக்கா வீட்டுல நான் மட்டுமே பேசிப் பேசி எனக்கே என் குரல் சலிச்சுப்போச்சு. எதுல மாட்டணும்னு சொல்லிடுங்க, நான் மாட்டிடறேன்."



ஸ்டூல்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு நாள் பார்க்கலாம்மா. நீங்களும் களைச்சுட்டீங்க."

"இல்லை சார். இன்னிக்கே ஆகணும். இன்னொரு நாளைக்கு இவ்வளவு தைரியம் எனக்கு வராது."

அடுத்தவருக்கு இருக்கிற இரக்கம் கட்டினவனுக்கு இல்லையே. பார்சல்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, வெளியாள் பேசறேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல எனக்குப் பேசறதுக்கே முறை வர்றதில்லை. இங்க ஒரு பொம்பளை கெஞ்சறா, நீங்க பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

நாற்காலிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மட்டும் இவர் பக்கம் திரும்பி, திரும்ப அவள் கைக்கே போனது.

"திட்டாதீங்கண்ணே" என்றாள் அவள். "நானே பார்த்துக்கறேன்."

சிவப்பு ஒயரை எடுத்து அஞ்சுக்கு நேரே கொண்டுபோனாள். அங்கே ஒரு கணம் நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் அதை நகர்த்தி, பன்னெண்டில் செருகி முடுக்கினாள்.

"சுவிட்சைப் போடப் போறேங்க."

அவள் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினாள்.

"போட்டுடுவேன். நீங்க முதமுதல்ல வாங்கின மெஷின். உங்க கண்ணு முன்னால கருகிப் போகும். பரவாயில்லையா?"

அப்போ இது இவருடைய மெஷினா? பார்சல்காரர் ஸ்டூல் பக்கம் திரும்பினார். ஸ்டூல்காரர் மெஷினைப் பார்க்கவே இல்லை. நாற்காலிக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சில் விரலை வைத்தாள். உதடு அழுகையில் கோணியது. விரல் அழுந்த ஆரம்பித்தது.

"ஏ... ஏய்."

துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம். பார்சல்காரர் கையிலிருந்து டார்ச் நழுவப் பார்த்தது. நாற்காலிக்காரரின் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அறி... அறிவு இருக்காடி? அது... பன்னெண்டு. அஞ்சு... அஞ்சுல மாட்டு."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்கு நியாயம்" என்றார் பார்சல்காரர், ஆத்திரத்தோடு. "இவ்வளவு நேரம் ஊமையா இருந்துட்டு, வாயைத் திறந்ததும் இந்தப் பேச்சா? அழாதே தங்கச்சி."

அவள் கையை விலக்கினாள். அழுகைக்கு நடுவே அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பார்சல்காரரைத் தாண்டி, ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்:

"டாக்டர், கேட்டீங்களா? என்னைத் திட்டறார்."