ஜாக்கியும் இரும்பு ஸ்டாண்டும்

சின்னக் காரைத் தாழ்த்தி அழகு பார்க்க, குட்டை ஸ்பிரிங் வாங்கி வந்திருந்தார் அருளப்பன். ஜாக்கி ஒரே மூச்சில் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பெருமையில் உப்பிக்கொண்டது. அவரோ இரும்பு ஸ்டாண்டை அடியில் கொடுத்து, பாரத்தை அதன் மேல் இறக்கினார்.

ஜாக்கிக்கு மூக்குக்கு மேல் கோபம். "தூக்கினது நான். நீ எதுக்குடி நடுவுல? சும்மா நிக்கவா?"

"நிக்கத்தான்" என்றது ஸ்டாண்டு.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அருளப்பன் தோள்வரை கையை உள்ளே விட்டுப் பழைய ஸ்பிரிங்கை உருவிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து ஜாக்கியின் வயிற்றிலிருந்து எண்ணெய் கசிந்தது. தலை தானாக இறங்கியது.

"ஐயையோ, இறங்கறேனே! அவர் கை உள்ள இருக்கே!"

"இறங்கிக்கோ. கார் என் மேலதான் இருக்கு. கத்தாதே, அவர் வேலை செய்யட்டும்."

கார் ஒரு நூலளவுகூட அசையவில்லை. புது ஸ்பிரிங் உட்கார்ந்தது, சக்கரமும் ஏறியது. அருளப்பன் ஜாக்கியின் கசிவைச் சரிசெய்து, துடைத்து, காரை இறக்கி, ஜாக்கியை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஸ்டாண்டை யாரும் துடைக்கவில்லை.

ஜாக்கி மறுபக்கத்தையும் தூக்கியது; அருளப்பன் ஸ்டாண்டை அங்கேயும் அடியில் கொடுத்தார். இந்த முறை ஜாக்கி உப்பிக்கொள்ளவில்லை.

"அக்கா, வந்து நின்னுட்டீங்களா?" என்று கேட்டது. "நீங்க நின்னாத்தான் நான் மூச்சு விடுவேன்."