பெங்களூரா, பட்டாபிராமா?

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. பட்டாபிராமில் கத்திரி வெயிலின் முதல் நாள்.

ஜெகதாம்பாளின் வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியும் இரண்டு பைகளும் தயாராக இருந்தன. ஏழு மாத வயிற்றோடு வித்யா முக்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள் ஜெகதாம்பாள். வித்யாவின் கணவன் கோகுல்நாத், சோபாவின் நுனியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெங்களூருக்குச் சொன்ன கார் நசரத்பேட்டை தாண்டிடுச்சு,” என்றான்.

“தாண்டட்டும். வந்தா அப்படியே திருப்பி அனுப்பு. வித்யா இங்கதான் பெத்துக்கப் போவுது.”

“எல்லாம் பேசி முடிச்சதுதானே?”

“நீ சும்மா கெடடா. உன்னை யாரு கேட்டா?”

அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து சம்பந்தி கஸ்தூரி கூப்பிட்டாள். கோகுல்நாத் போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

“கிளம்பியாச்சா?”

“கெளம்பல சம்பந்தி. பிரசவம் இங்கயே இருக்கட்டும்.”

“அந்த வெயில்லயா? இங்க நேத்து சாயந்திரம் மழை. ஃபேன்கூடப் போடல. அங்க அவ வெந்து போயிடுவா.”

“குளிர்ல கெடந்தா கொயந்தைக்கு சளி புடிச்சுக்கும். அது கெடக்கட்டும், தண்ணிக்கு இன்னா பண்றீங்க? டேங்கர் வந்தாதான் குளியலாமே?”

“அதெல்லாம் போன வருஷக் கதை. இப்ப தண்ணிக்குக் குறையே...” கஸ்தூரி முடிப்பதற்குள் போனில் லாரி ஹாரன் கேட்டது. குடங்கள் உருளும் சத்தமும் கேட்டது.

“இன்னா சம்பந்தி, டேங்கரா?”

“பக்கத்து வீட்டுக்கு.”

ஜெகதாம்பாள் உற்சாகமானாள். “எங்க ஊர்ல அந்தத் தொல்லையே கெடையாது. கரண்டும் அப்படித்தான். போவவே போவாது.”

சொல்லி வாயை மூடவில்லை, தலைக்கு மேல் ஃபேன் நின்றது. வித்யா துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

“என்ன, ஃபேன் சத்தத்தையே காணோம்?”

“ஏசி போட்டுக்கீறோம்.”

அந்த வீட்டில் ஏசி கிடையாது. ஜெகதாம்பாள் செய்தித்தாளை மடித்து வித்யாவுக்கு விசிறத் தொடங்கினாள்.

“எங்க ஊர்லயும் இப்ப பொம்பளைங்களுக்கு பஸ் இலவசம்தான்,” என்றாள் கஸ்தூரி.

“அதை மொதல்ல ஆரம்பிச்சது யாரு?”

“பிரசவத்துக்கு பஸ்லயா போகப் போறா?” என்றான் கோகுல்நாத். இரண்டு பேரும் சேர்ந்து அவனை அடக்கினார்கள்.

“சாம்பார்ல வெல்லம் போட்டா புள்ளத்தாச்சிக்கு எறங்குமா சம்பந்தி?”

“நாங்க தமிழ்க்காரங்க. எங்க வீட்ல யாரும் வெல்லம் போடறதில்ல.”

“நீங்க போடமாட்டீங்க. கடைக்காரன் போடுவானே?”

“தெருமுனையிலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?”

“இங்கயும்தான் கீது. உங்க டிராஃபிக்ல அந்த முனைக்குப் போறதுக்குள்ள கொயந்தை பொறந்து எல்கேஜி சேர்ந்துடும்.”

கஸ்தூரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் குரல் இறங்கியது. “எல்லாம் சரி சம்பந்தி. எங்க சனம் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“சனமா வந்து கால் புடிச்சுவுடப் போவுது? நீங்க காலைல பேங்குக்குப் போனா சாயந்திரம்தான் வருவீங்க. பகல்ல பார்த்துக்க வேலைக்கு ஆள் வெப்பீங்க. நான் எக்ஸ்போர்ட் கம்பெனில மூணு மாசம் லீவு கேட்டுட்டேன். குடுக்கலைன்னா உங்க வேலையே வாணாம்னுட்டேன்.”

வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“அப்ப வித்யாவே சொல்லட்டும்,” என்றாள் கஸ்தூரி. “அவ எங்கன்னு சொல்றாளோ, அங்க. அதுக்கு மேல நான் பேசல.”

ஜெகதாம்பாளின் கையில் செய்தித்தாள் அசையாமல் நின்றது. அவளும் வித்யாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

வித்யா மெல்ல எழுந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

“கோச்சுக்காதே அம்மா. தலைப்பிரசவம் இங்க என் மாமியார் வீட்டுலயே ஆகட்டும்.”