வெளியூர்க் கூட்டம்

சாமியும் இல்லை, மறுவுலகமும் இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவர் இளவழகன். மகள் முல்லைக்கொடி பதினாறு வயதில் காய்ச்சலில் போனபோது, பெற்றவளை ஒரு பிடி சோறு வைக்கக்கூட அவர் விடவில்லை. "செத்தா மண்ணுதான் அஞ்சலை. காக்காய்க்கு வச்சா காக்காதான் தின்னும்." அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருபத்தாறு வருடம் இருந்தாள், பாவம். போன தை மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆடி அமாவாசையன்று அஞ்சலை முதன்முதலாக ஆற்றுப் படித்துறைக்கு வந்து, திதி செய்துவைக்கும் ஐயரிடம் மகள் பெயரைச் சொன்னாள்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "இளவழகன் சார் பொண்ணா? வருஷம் தவறாம இதே நாள்ல வருவாரே! எங்கே அவர்?"

ஆடி அமாவாசைக்கு அவருக்கு எப்போதும் வெளியூரில் கூட்டம் இருக்கும். அஞ்சலைதான் கறுப்புச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள்.

"தையிலயே போயிட்டாரு சாமி. என்னை ஏன் கூட்டிட்டு வரலன்னு சொன்னாரா?"

"உங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லேன்னாரும்மா. பிண்டம் வைக்கறச்சே பொண்ணுகிட்டயும் அதையேதான் சொல்லுவார், கண்ணுல ஜலம் விட்டுண்டு. 'அம்மா வரமாட்டேன்னுட்டா, நீ கோவிச்சுக்காதே'ன்னு."

அஞ்சலை சோற்றுருண்டையும் கையுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள், சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

"சாமி, இப்ப அவரு அவ பக்கத்துலதானே இருப்பாரு?"

"இருப்பார்மா."

"அப்போ நான் சொன்னா அவ நம்புவாளா?"