ஒன்பது துண்டுகள்

தங்கையின் குரல் போனிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாமல் கையில் ஏந்தியபடி நின்றார் சிவஞானம்.

"எங்ககிட்ட மூச்சு விடல. கூகுள்ல போயி ஊருக்கே சொல்லியிருக்கீங்களேண்ணே. மருமவ காட்டுனா. பேரு, பட்டம், பார்த்த உத்தியோகம், தெரு எல்லாம் இருக்கு. கதவு நம்பரை மட்டும் ஏன் விட்டீங்க?"

எதிரே மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கேட்டிருக்கும்.

ஒன்பது வாரம் கட்டிக்காத்த ரகசியம்.

திருநெல்வேலி என்றால் தெரிந்துவிடும் என்று நாகர்கோவில். மனநல ஆலோசனை மையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஜவுளிக்கடை வாசலில் கார். அவள் உள்ளே அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அவர் கடையில் ஒரு துண்டு வாங்குவார். திரும்பும்போது பையை அவளிடம் கொடுப்பார். யாராவது பார்த்தால், ஜவுளி எடுக்க வந்தோம்.

எனக்கு எதுக்குப்பா துண்டு என்று ஒருமுறை கேட்டாள்.

கையில இருக்கட்டும் என்றார்.

போன வாரம் மையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் கருத்தைப் பகிருங்கள்.

கேட்டவர்களுக்குப் பதில் எழுதாமல் இருப்பது அவர் வீட்டு வழக்கமில்லை. ஆலோசகர் அம்மாவுக்குப் போகும் கடிதம் என்றே நினைத்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டினார். மகள் என்றுகூட எழுதவில்லை. 'என் குடும்பத்தில் ஒருவர்' என்றுதான் எழுதினார்.

கடிதம் என்றால் கையெழுத்து வேண்டும்.

'மு. சிவஞானம், எம்.ஏ., கூட்டுறவுத் துணைப் பதிவாளர் (ஓய்வு), கீழத்தெரு, திருநெல்வேலி.'

அதன் கீழே மையத்தின் பதில். எவரும் படிக்கலாம்.

'நன்றி ஐயா. கோமதியை வரும் வியாழனும் தவறாமல் அழைத்து வாருங்கள்.'

தங்கையின் குரல் ஓய்ந்ததும் போனை மகளிடம் நீட்டினார். யாரிடமும் நீண்டு பழகாத கை.

"இதை அழிச்சிரும்மா."

அவள் இடது கையால் வாங்கினாள். படித்தாள். விரலால் தள்ளி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

'முன்பு சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். இப்போது மறுசோறு கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் அடுக்களைப் பக்கம் போய் நிற்பதுண்டு.'

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் தலை தாழ்ந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் அழித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் பேரைப் போட்டதுக்கு அவங்ககிட்ட நான் கேட்டுக்கிடுதேன்."

தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டாள். அவர் நகரவில்லை.

"வியாழக்கிழமை காரை மையத்து வாசல்லயே நிறுத்துங்கப்பா," என்றாள். "துண்டு போதும்."