நூற்றோராவது சட்டை

சுங்கப் பரிசோதகி பிரித்த பெட்டியில் நூறு கம்பளிச் சட்டைகள் என்று போட்டிருந்தது. எத்தனை முறை எண்ணினாலும் நூற்றொன்று வந்தது. மிகுந்தது மஞ்சள் நிறம், கைப்பின்னல். கழுத்தோரம் தவறிய பின்னலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அது அவளே பின்னியது. நான்கு வருடத்துக்கு முன், இரண்டு வயது மகளுக்கு அதைப் போட்டுவிட்டுத்தான் அடக்கம் செய்தார்கள்.

"என்ன மேடம், கைக்குழந்தை உடுப்புன்னு எழுதிடவா?" என்றார் எழுத்தர்.

சுங்க விதிப்படி, எண்பத்தாறு சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள குழந்தையின் உடுப்புதான் அந்த வகை. அவள் நாடாவை வைத்து அளந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். முழங்கைகள் இரண்டும் விளையாடித் தேய்ந்திருந்தன.

"வேணாண்ணே. அவ வளந்துட்டா," என்று சட்டையை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

உள்ளே இன்னும் உடம்புச் சூடு இருந்தது.